ஆய்வில் தவறு கண்டால்: பெயர் போட்டுச் சொல்வதா, மறைத்துச் சொல்வதா?

பெங்களூரில் மத்திகெரெ, யஷ்வந்த்பூர், ஜக்கூர் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஆய்வு செய்கிற தமிழ் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. "எங்கள் லேப் பேப்பரில் ஒரே படம் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது, யாரிடம் சொல்வது?" "எட்டு மாதம் நான் எடுத்த டேட்டா, பேப்பரில் என் பெயரே இல்லை." "கைடு நடந்துகொள்ளும் விதம் சரியில்லை, மொட்டைக் கடிதம் போட்டால் நடவடிக்கை எடுப்பார்களா?" மூன்றிலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பெயரைக் கொடுப்பதா, மறைப்பதா?

பெயர் கொடுக்கத் தயங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்ஆர்எஃப் 42,000. அது தொடர்ந்து வர வேண்டுமென்றால் கைடு கையெழுத்து வேண்டும். ஆண்டறிக்கைக்கு, ஆய்வேட்டுச் சுருக்கத்துக்கு, கருத்தரங்கப் பயணத்துக்கு, முடித்தபின் வெளிநாட்டு வேலைக்கான பரிந்துரைக் கடிதத்துக்கு என எல்லாவற்றுக்கும் அதே ஒரு கையெழுத்துதான். ஒரு மனிதரிடம் இவ்வளவும் குவிந்திருக்கும் தொழிலில் பெயரை மறைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் மறைத்த பெயர் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. சில இடங்களில் புகாரையே செல்லாததாக்கிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவதும் முக்கியமானதும்: சான்று எங்கே இருக்கிறது? வெளியான கட்டுரையிலேயே இருக்கிறதென்றால், நீங்கள் யார் என்று தெரியாமலே எவரும் அதைச் சரிபார்க்கலாம். அங்கே உங்கள் பெயரால் சான்றுக்குக் கூடுதல் வலு கிடைப்பதில்லை. சான்று உங்கள் அனுபவத்திலோ உங்கள் மின்னஞ்சலிலோ மட்டும் இருந்தால், சாட்சியே நீங்கள்தான். சாட்சி இல்லாமல் வழக்கு நடக்காது.

இரண்டாவது: அந்த விவரம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க முடியும்? ஆறு பேர் உள்ள லேபில், லேப் நோட்புக்கின் ஒரு பக்கத்தைப் பற்றிப் பெயரில்லாமல் எழுதினால், மறுநாள் மதியத்துக்குள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது பெயர் வெளியானதன் கேடெல்லாம் வரும். பெயரோடு புகார் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் பாதுகாப்பு மட்டும் வராது. இருப்பதிலேயே மோசமான நிலை இதுதான். பலர் போய் விழுவதும் இதில்தான்.

மூன்றாவது: என்ன நடக்க வேண்டும்? கட்டுரை திருத்தப்பட வேண்டுமா, உங்கள் பெயர் சேர வேண்டுமா, கைடு மாற வேண்டுமா, பணம் போன வழி தெரிய வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

நான்காவது காலம். புகாருக்கான கெடு ஒன்று, உங்கள் பிஎச்டி கடிகாரம் இன்னொன்று. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்டி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. முதலாமாண்டில் கைடு மாறுவதும் ஐந்தாமாண்டில் மாறுவதும் ஒன்றல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | பெயர் | எதற்குப் பொருந்தும் | காலம் | வெளியே தெரியாத விலை |
|---|---|---|---|---|
| கைடிடம் நேரில் | தெரியும் | கைப்பிழையாக இருக்கக்கூடியது | நாள் கணக்கு | முன்னெச்சரிக்கை கொடுத்ததாகிவிடும் |
| பப்பியர் (வெளியான கட்டுரைகளைப் பற்றிக் கருத்து எழுதும் இணையதளம்) | வேண்டாம் | வெளியான படம், வரைபடம், எண் | பதிவு உடனே, விளைவுக்கு உறுதி இல்லை | பதில் சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை |
| இதழாசிரியருக்குக் கடிதம் | இரண்டும் ஏற்கும் | கட்டுரையைத் திருத்த, திரும்பப்பெற | மாதங்கள், ஆண்டுகள் | விசாரணை கடைசியில் உங்கள் நிறுவனத்துக்கே வரும் |
| எழுத்துத் திருட்டுக் குழு | பெயரோடு கொடுத்தால் வலு | எழுத்துத் திருட்டு | 45 நாள், மேலும் 45 நாள் | போலித் தரவுக்கு இந்த விதி பொருந்தாது |
| மாணவர் குறைதீர் குழு, ஒம்பட்ஸ்பர்சன் (மேல்முறையீடு கேட்பவர்) | கட்டாயம் | உதவித்தொகை, தாமதம், பாகுபாடு | 15 வேலை நாள், பிறகு 30 நாள் | உறுப்பினர்கள் கைடின் சகாக்கள் |
| உள் புகார்க் குழு (ஐசிசி) | கட்டாயம், ஆனால் ரகசியம் | பாலியல் துன்புறுத்தல் | 3 மாதத்துக்குள் புகார், 90 நாள் விசாரணை | புகாருக்குப் பின் வெளியில் பேச முடியாது |
| மத்திய விஜிலென்ஸ் (ஊழல் கண்காணிப்பு) ஆணையத்துக்கு மூடிய உறை | ஆணையத்துக்கு மட்டும் | மத்திய நிறுவனங்களில் பண முறைகேடு | நீண்டது | கல்விப் பிரச்சினைகளுக்கு உதவாது |

## கைடிடமே கேட்பது

படக் குளறுபடிகளில் கணிசமானவை அசட்டையால் வருபவை. கோப்புப் பெயர் "ஃபைனல்2", "ஃபைனல்2புதுசு" என்று இருக்கும். அவசரத்தில் ஒரே படம் இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கும். உறவு நன்றாக இருந்தால், "சார், ஃபிகர் 3-லயும் 5-லயும் ஒரே ஃபைல் போயிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, ஒரிஜினலை ஒருதடவை பார்த்திடலாமா?" என்று கேட்பதே போதும். குற்றம் சாட்டாமல், மூலக் கோப்பைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்கும் கேள்வி இது. நேர்மையான கைடு அன்றைக்கே கோப்பைத் திறப்பார்.

கேட்பதற்கு முன் ஒன்று செய்துகொள்ளுங்கள். எந்த நோட்புக், எந்தப் பக்கம், எந்தத் தேதி, கணினியில் கோப்பு எந்த இடத்தில், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதைக் குறித்து, தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். நோட்புக்கையோ முழு டேட்டாவையோ அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து. பிறகு விசாரணை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

முன்பே இரண்டு மூன்று கட்டுரைகளில் இதே பாணி தெரிந்தால் இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

## பப்பியர்: பெயரில்லாமல், எல்லோர் முன்னாலும்

2012-இல் தொடங்கிய தளம். வெளியான எந்தக் கட்டுரையைப் பற்றியும் அங்கே கருத்து எழுதலாம். கணக்கு இல்லாமல் எழுதினால் மட்டுறுத்துநர் பார்த்த பிறகு வெளியாகும். கணக்குத் தொடங்கினால் ஏதோ ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயர் புனைபெயராகக் கிடைக்கும். விதி ஒன்று கறாரானது: எவரும் சரிபார்க்கக்கூடிய, பொதுவில் உள்ள சான்றைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். ஆளைப் பற்றியும் உள்நோக்கத்தைப் பற்றியும் எழுதக்கூடாது.

இந்த விதி உங்கள் நன்மைக்கும்தான். "மோசடி" என்று எழுதினால் அவதூறு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அதற்கு இரண்டாண்டு வரை சிறை. "படம் 3பி-யின் 2-ஆம் தடமும் படம் 5ஏ-யின் 4-ஆம் தடமும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஒத்திருக்கின்றன. மூலப் படங்களை ஆசிரியர்கள் வெளியிட முடியுமா?" என்பது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. அமெரிக்காவில் ஒரு புற்றுநோய் ஆய்வாளர், பப்பியரில் தன் கட்டுரைகளைப் பற்றி எழுதியவர்கள் யாரென்று சொல்லும்படி வழக்குப் போட்டார். 2016 டிசம்பரில் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பெயரைக் காப்பாற்றித் தீர்ப்பளித்தது. இந்திய நீதிமன்றத்துக்கு அது முன்மாதிரி ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன் சரிபார்ப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான புகார் ஒரு சக மாணவரின் வாழ்க்கையைப் பாதிக்கும். முதல் ஆசிரியர் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு மாணவர்தான்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைத் தடம் தடமாக ஓடவிட்டுப் பட்டைகளாகக் காட்டும் சோதனைப் படம்) ஒரே பட்டை இரண்டு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிஎஃப்பிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். இதழின் தளத்தில் கிடைக்கும் மிகப் பெரிய அளவுப் படத்தை இறக்குங்கள். இமேஜ்ஜே அல்லது ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் திறந்து, 8-பிட்டுக்கு மாற்றி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். வெறும் வெள்ளையாகத் தெரிந்த பின்னணியில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் எழும். பட்டையின் உருவம் ஒத்திருப்பது மட்டும் சான்று ஆகாது. ஒரே புரதம் அடுத்தடுத்த தடங்களில் ஒரேமாதிரி ஓடுவது சகஜம். பட்டையைச் சுற்றியுள்ள அந்தப் புள்ளிகளும், தூசித் தடமும், கீறலும் ஒத்திருந்தால்தான் கவனிக்க வேண்டிய விஷயம். இரண்டு பகுதிகளையும் ஒரே அளவில் வெட்டி, 'இமேஜ் கால்குலேட்டர்' பகுதியில் 'டிஃபரன்ஸ்' கொடுங்கள். இரண்டும் ஒரே படமென்றால் விடை ஏறக்குறைய முழுக் கறுப்பாக வரும். இடவலமாகப் புரட்டியும், 180 பாகை சுற்றியும், லேசாக நீட்டியும் ஒட்டுவதுண்டு. அதையும் முயன்று பாருங்கள்.

ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக்கும். அந்தக் கட்டங்கள் எல்லாப் படத்திலும் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் அதை ஒற்றுமை என்று எண்ணிவிடக்கூடாது. அடுத்து, ஒரே பிளாட்டைக் கழுவி வேறு ஆன்டிபாடி போட்டிருந்தால், ஒரே லோடிங் கன்ட்ரோல் (எல்லாத் தடத்திலும் சம அளவு புரதம் ஏற்றியதைக் காட்டும் பட்டை) இரண்டு படத்தில் வருவது தவறே இல்லை. படக்குறிப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வரைபடத்திலும் இதே தர்க்கம்தான். 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து, தங்க-வெள்ளி நுண்துகள்களில் 236 கெல்வினில் மீக்கடத்துத்திறன் (தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது) கண்டதாக ஒரு முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இடும் கட்டுரை) வந்தது. சில வாரங்களில், அப்போது எம்ஐடியில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த ப்ரையன் ஸ்கின்னர், வேறு வேறு காந்தப்புலத்தில் அளந்ததாகக் காட்டிய இரண்டு வளைவுகளில் இரைச்சல் அப்படியே ஒத்திருப்பதைச் சுட்டினார். ஒன்றைச் சற்று இறக்கினால் மற்றொன்றின் மேல் பொருந்தியது. அளவீட்டு இரைச்சல் தற்செயலானது, இரண்டு முறை ஒரேமாதிரி வராது. அவர் குற்றம் எதுவும் சாட்டவில்லை. படத்தை வைத்து, இப்படி இருக்கிறதே என்று கேட்டார், அதுவும் சொந்தப் பெயரில். அவரால் பெயர் போட முடிந்ததற்கு ஒரு காரணம், அவருக்கும் அந்த லேபுக்கும் நடுவில் ஒரு கடலே இருந்தது. அதே லேப் நடைபாதையில் நடக்கிற ஒரு மாணவரிடம் அதே துணிவை எதிர்பார்க்கக்கூடாது. அந்தச் சமயத்திலேயே ஒரு மூத்த இயற்பியலாளரின் பெயரில் போலி மின்னஞ்சலும் உலவியது. பெயரை மறைப்பது வேறு, அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொள்வது வேறு. இரண்டாவதைச் செய்தால் சான்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மதிப்பு போய்விடும்.

பெயர் கசியும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். வளாக வைஃபையில் உங்கள் அடையாள எண்ணோடு உள்நுழைகிறீர்கள். எந்த நிமிடம் எந்த ஐபி முகவரி யாரிடம் இருந்தது என்பது பதிவில் இருக்கும். சொந்த மொபைல் இணைப்பைப் பயன்படுத்துங்கள். பொருளியலாளர்களின் பெயரற்ற வம்பு மன்றம் ஒன்றில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒட்டப்பட்ட நான்கு எழுத்துக் குறியீடு, ஐபி முகவரியிலிருந்து கணக்கிடப்பட்டது என்பதை 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பாக இருப்பதாக நம்பி எழுதியவர்களின் பல்கலைக்கழகங்கள் அதிலிருந்து தெரியவந்தன. தொழில்நுட்பம் இன்றைக்கு மறைப்பதை நாளைக்கும் மறைக்கும் என்று நம்ப முடியாது.

கல்லூரி இணைப்பில் இறக்கிய பிடிஎஃப்பின் ஓரத்தில், எந்த நிறுவனம் எந்தத் தேதியில் இறக்கியது என்ற வரியைச் சில பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் முகவரியையே ஒட்டியதாகிவிடும். படத்தின் கோப்புப் பெயரில் உங்கள் பெயர் இல்லாமலும், பவர்பாயின்ட்டில் செய்ததென்றால் 'ஆத்தர்' பண்பில் பெயர் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். லேப் மீட்டிங்கில் வாக்குவாதம் நடந்த மறுநாள் பதிவிடாதீர்கள். லேபுக்குள் மட்டுமே தெரிந்த ஒரு சொல், ஒரு சோதனை எண்கூட வேண்டாம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தாது? அந்தக் கட்டுரையில் உங்கள் பெயரும் இருந்தால் பொருந்தாது. இணையாசிரியருக்குக் கட்டுரையின் மேல் பொறுப்பு உண்டு. ஒளிந்து எழுதி, பிறகு தெரியவந்தால், தெரிந்தே பேசாமல் இருந்தவர் என்ற பழி உங்கள்மேல் நிற்கும். நீங்கள் இதழாசிரியருக்குப் பெயரோடு எழுதுங்கள். பப்பியரில் பதில் வந்தே தீரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கேட்பாரில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பதிவுகள் அங்கே ஏராளம். 20,621 கட்டுரைகளைக் கண்ணால் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருந்தன. எல்லாம் திருத்தப்படுவதில்லை.

## இதழாசிரியருக்குக் கடிதம்

கட்டுரையைத் திருத்தவோ, எச்சரிக்கைக் குறிப்புப் போடவோ, திரும்பப் பெறவோ அதிகாரம் இதழுக்குத்தான். பெரும்பாலான பெரிய இதழ்கள் பின்பற்றும் கோப் என்ற பதிப்பு நெறி அமைப்பின் வழிகாட்டுதல் தெளிவானது: குறிப்பான சான்றோடு வரும் புகாரைப் பெயர் இல்லை என்பதற்காகத் தள்ளக்கூடாது, எழுதியவர் யார் என்று துருவவும் கூடாது. ஆகவே இதற்கென்றே தொடங்கிய ஒரு மின்னஞ்சலிலிருந்து எழுதலாம்.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக்கூடாது. கட்டுரையின் டிஓஐ எண் (நிரந்தர அடையாள எண்), எந்தப் படம், எந்தப் பகுதி, என்ன ஒற்றுமை, எப்படிச் சோதித்தீர்கள், குறியிட்ட ஒரு படம். அவ்வளவு போதும். லேபின் சரித்திரம் வேண்டாம். பெயரோடு எழுதுவதானால் முதல் வரியிலேயே "என் பெயரையும் இந்தக் கடிதத்தையும் ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் சில ஆசிரியர் அலுவலகங்கள் மின்னஞ்சலை அப்படியே கைடுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. இதழாசிரியர் கைடுக்கு வேண்டியவர் என்றால் பதிப்பகத்தின் ஆய்வு நேர்மைப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். ஆறு வாரம் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை மேற்கோள் காட்டி நினைவூட்டுங்கள்.

வெளியே தெரியாத விலை இதில்தான் பெரியது. இதழ் விசாரணை செய்யாது. முதலில் கைடிடம் விளக்கம் கேட்கும், திருப்தி இல்லையென்றால் உங்கள் நிறுவனத்துக்கு எழுதும். அப்போது லேபில் எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்த நாளுக்கு மனத்தளவில் தயாராக இருங்கள்.

ஆசிரியர் பட்டியல் தகராறுக்கு இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. யார் பெயர் சேர வேண்டும் என்று இதழ் தீர்ப்புச் சொல்லாது, நிறுவனத்திடம் தள்ளிவிடும். பெயரில்லாமல் கேட்கவும் வழியில்லை, கேட்பதே உங்கள் பெயரைத்தானே. இங்கே ஆயுதம் காகிதம்தான்: தேதியிட்ட வரைவுகள், நீங்கள் அனுப்பிய படங்கள், பதில் மின்னஞ்சல்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் நிபந்தனைகள் நான்கு: கருத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். டேட்டா எடுத்தவரை வரைவே பார்க்க விடாமல் வைத்துவிட்டு, "எழுத்தில் பங்கில்லை" என்று நீக்குவது இந்த நிபந்தனைகளுக்கே விரோதம். அந்த வாக்கியத்தை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். கட்டுரை அனுப்பப்படுவதற்கு முன்பே, ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் உங்கள் பங்கைப் பதிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். அந்தக் குழு அரையாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும்.

## நிறுவனத்துக்குள்ளே: இரண்டு குழுக்கள், இரண்டு வேலை

எழுத்துத் திருட்டு என்றால் 2018 யுஜிசி விதிகள் இருக்கின்றன. துறைக் குழு விசாரித்து 45 நாளில் நிறுவனக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அது 45 நாளில் அறிக்கை தர வேண்டும். ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10–40, 40–60, 60-க்கு மேல் என மூன்று நிலை. வெளியான கட்டுரையில் கடைசி நிலை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, மூன்றாண்டு புது மாணவரை எடுக்க முடியாது. பொது அறிவாகக் கருதப்படும் 14 தொடர் சொற்கள் வரை கணக்கில் வராது.

இந்தச் சதவீதக் கணக்கு சொற்களுக்கு மட்டும். புனையப்பட்ட எண்ணும் ஒட்டப்பட்ட படமும் ஒற்றுமை மென்பொருளில் சுழியம் காட்டும். அதைத் தூக்கிக்கொண்டு இந்தக் குழுவிடம் போனால் "எங்கள் வரம்பில் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். உங்கள் நிறுவனத்தில் தனியாக ஆய்வு நெறிக் குழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உதவித்தொகைத் தாமதம், ஆய்வேட்டை வேண்டுமென்றே இழுத்தடிப்பது, சாதி அல்லது மொழி வழிப் பாகுபாடு இவற்றுக்கு 2023 மாணவர் குறைதீர் விதிகள் உண்டு. குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். ஏற்கவில்லையென்றால் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் ஒம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளில் தீர்க்க வேண்டும். ஒம்பட்ஸ்பர்சன் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். மொட்டைக் கடிதத்துக்கு இங்கே வேலையே இல்லை. குறை யாருக்கு என்று தெரியாமல் எதைத் தீர்ப்பது? குழுவில் இருப்பவர்கள் கைடோடு தேநீர் குடிப்பவர்கள் என்பது உண்மை. அதனால் முதல் குழுவில் தோற்றாலும் நொந்துபோக வேண்டாம். அங்கே பதிவாகும் காகிதமே இரண்டாம் படிக்கு ஏணி. ஒவ்வொரு மனுவுக்கும் டைரி எண் வாங்குங்கள்.

## உள் புகார்க் குழு: பெயர் கொடுப்பதே பாதுகாப்பு

பாலியல் துன்புறுத்தல் என்றால் எங்கள் கருத்தில் தயக்கமே வேண்டாம்: பெயரோடு, எழுத்தில், ஐசிசியிடம். 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம். ஆறு பிரதிகள், ஆவணங்கள், சாட்சிகளின் பெயரும் முகவரியும் வேண்டும். எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். 2015 யுஜிசி விதிகள் ஆண் மாணவர்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதை ஏற்கின்றன.

பெயர் கொடுப்பதால் என்ன கிடைக்கிறது? விசாரணை முடியும்வரை, எதிர்த் தரப்பு உங்கள் வேலையை மதிப்பிடவோ உங்களைப் பற்றி அறிக்கை எழுதவோ கூடாது என்று தடுக்கும்படி கேட்கலாம். இடமாற்றம் கேட்கலாம். மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்கலாம். மேலே சொன்ன அந்த ஒற்றைக் கையெழுத்தின் பிடியைச் சட்டமே தளர்த்தும் இடம் இது ஒன்றுதான். பெயரில்லாத பதிவுக்கு இதில் எதுவும் கிடைக்காது.

விலையும் உண்டு. புகாரின் உள்ளடக்கத்தையும் இரு தரப்பின் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை செய்கிறது. புகார் கொடுத்த பிறகு சமூக ஊடகத்தில் எழுதினால் உங்கள் வழக்கே பலவீனமாகும்.

## மூடிய உறை

மத்திய அரசின் கீழ் உள்ள ஆய்வு நிறுவனத்தில் திட்டப் பணத்தில் முறைகேடு, இல்லாத ஆளுக்குச் சம்பளம், வாங்காத ரசாயனத்துக்கு பில் என்றால் மத்திய விஜிலென்ஸ் ஆணையம் இருக்கிறது. சாதாரண மொட்டைக் கடிதத்தை ஆணையம் எடுத்துக்கொள்ளாது. 2004 பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்படி அனுப்பினால், உங்கள் பெயர் ஆணையத்துக்கு மட்டும் தெரியும், அதை அது வெளியிடாது. முழுக்கப் பெயரோடும் இல்லாமல், முழுக்கப் பெயரில்லாமலும் இல்லாமல் நடுவில் நிற்கும் வழி இது.

உறையை மூடி ஒட்டி, அதன்மேல் பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று தெளிவாக எழுத வேண்டும். உறையின்மேல் உங்கள் பெயர் இருக்கக்கூடாது. உள்ளே பெயரும் முகவரியும் கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்தாளிலோ மட்டும். நடுவில் "எங்கள் லேபில் நான்" என்று ஒரு வரி இருந்தாலும் மறைத்த பெயர் தெரிந்துவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வழி இல்லை. கர்நாடகத்தில் அவற்றுக்கு லோகாயுக்தா என்ற மாநில ஊழல் விசாரணை அமைப்பு.

## இரண்டு வழிகளை ஒன்றாக எடுத்தால்

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் கைடின் பெயரைப் போட்டு எழுதுவதை ஒரு வழியாகவே நாங்கள் சேர்க்கவில்லை. அங்கே ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், எல்லாம் வெளியே. இதே துன்பம் இன்னொருவருக்கும் உண்டா என்று பழைய மாணவரான ஓர் அக்காவிடமோ அண்ணனிடமோ தனியாகக் கேட்பது அதைவிடப் பயன் தரும். இரண்டாவது சாட்சி கிடைத்தால் எந்தக் குழுவிலும் எடை கூடும்.

படச் சிக்கலுக்கு இதழும் பப்பியரும் சேர்ந்தே நல்லது. இதழுக்கு முதலில் எழுதி, ஆறு வாரம் பொறுத்து, பிறகு பப்பியரில் போடுங்கள். முதலிலேயே பப்பியரில் போட்டால் கட்டுரையாளர்கள் உஷாராகி, கோப்புகளைச் சீர்செய்ய அவகாசம் கிடைத்துவிடும். உங்கள் சொந்தக் குறையையும் கட்டுரைத் தவறையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டாவது, முதலாவதற்காகப் பழிவாங்கக் கிளப்பியதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கட்டும். பெயரோடு கொடுத்த மனுவின் ஒரு வாக்கியம்கூட, குறியிட்ட அந்தப் படத்தின் அம்புக்குறி நிறம்கூட, பெயரில்லாத பதிவில் இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்போகிறவர் உங்கள் கைடு.